பனங்காட்டுப் படை

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் என்னை மாதிரி முட்டியில் தைலத்தைத் தேய்த்துவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டுதான் வாசிப்பீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் தங்கச்சி வீட்டில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று, அக்கம்பக்கம் கேட்கக் கத்திவிட்டேன். காரணம், கட்டைவிரல் உயரத்தில் ஒரு பொம்மைப் பட்டாளம்.

தங்கச்சி மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மீசை வைத்த ஆம்பளை. லீவுக்கு வந்தவன் பெட்டியைத் திறந்து, பஞ்சு விலக்கி, ஒவ்வொரு பொம்மையாக எடுத்து மேசையில் நிறுத்தினான். ஊசி முனை மாதிரி ஒரு தூரிகையை வைத்து அதுகளுக்கு அவனே வர்ணம் அடித்திருக்கிறான்.

“இது என்னலே, கொலுவா?”

“கேம், பெரிம்மா. ஆளுக்கு இவ்வளவு பாயிண்டுன்னு இருக்கும். அதுக்குள்ள படையைக் கட்டணும். பெரிய ஆளு எடுத்தா பாயிண்ட் சீக்கிரம் தீந்துரும்.”

“நீ எந்தப் படை?”

“எவனும் எடுக்காத படை. எல்லாம் நோஞ்சான். கூட்டங்கூட்டமா வருவான், செத்துக்கிட்டே இருப்பான். ஆனா வர்ற வாரம் மேட்ச்ல நான்தான் ஜெயிப்பேன். ஒரு திட்டம் வச்சிருக்கேன்.”

அந்த நேரம் பார்த்து அவன் அப்பா, சோபாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மனுசன், பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆசையாகக் கேட்டார்: “அப்படி என்னலே திட்டம்? சொல்லு, கேப்போம்.”

பயல் வாயைத் திறந்தான்.

“ஏலே! உங்க அப்பாட்ட சொல்லாத!”

நான்தான். என் தொண்டைதான். வீடே திரும்பிப் பார்த்தது. தங்கச்சி அடுப்படியில் இருந்து கரண்டியோடு வந்து, “அக்கா, பிரஷர் மாத்திரை போட்டியா, மறந்துட்டியா?” என்றாள். தங்கச்சி வீட்டுக்காரர் பாவம், வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பேப்பரை விரித்தார். நான் சிரித்து மழுப்பினேன். அங்கே சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நம் வயசுக்காரர்களுக்குத்தான் இது புரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டில் தோற்றால் இன்னொன்று இருக்கிறது.

அந்தக் கோடையில் நாங்கள் கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆபீஸ் காம்பவுண்டை ஒட்டின வரிசை வீட்டில் இருந்தோம். தொழிற்சாலை என்று எங்கள் பக்கம் எவரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். அப்பா அங்கே மேஸ்திரி. குச்சி அடுக்கிய சட்டங்கள் மருந்து முக்கி வந்ததும் காயப்போடுவது, வெயில் பார்த்து எடுப்பது, மேகம் கூடினால் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுவது எல்லாம் அவர். நடந்து போகும்போதுகூட வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் போவார். அம்மா வீட்டில் பெட்டி ஒட்டுவாள். சோற்றிலும் பசை வாடை, தலையணையிலும் பசை வாடை. தங்கச்சி அப்போது தொட்டிலில் கிடந்தாள்.

முதலாளிக்கு ஒரே மகன். மலை மேல் ஏதோ ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தான். என்னைவிட ஒரு வயசு மூப்பு, அவ்வளவுதான். ஆனால் நரைத்த ஆட்கள்கூட அவனை ‘சின்ன மொதலாளி’ என்பார்கள். என் அத்தை மகன் மட்டும் முதுகுக்குப் பின்னால் ‘அரை மொதலாளி’ என்பான். அத்தை மகனுக்கு வாய் நீளம். அவனும் நானும் ஒரே வகுப்பு.

அந்த வருசம் சின்ன மொதலாளி லீவுக்கு வரும்போது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தான். திறந்தால் ஈயத்தில் வார்த்த பட்டாளம். இரும்புச் சட்டை போட்ட சிப்பாய்கள், குதிரைகள், ரெண்டு யானை. ஒரு யானையின் முதுகில் அம்பாரி, அம்பாரிக்குள் மிளகு அளவில் ஒரு ராஜா. கையில் எடுத்தால் குளிர்ந்து, கனத்துக் கிடக்கும். நான் அதுவரை அத்தனை கனமான விளையாட்டுச் சாமானைத் தொட்டதில்லை. அந்த யானையை ஒருநாள் என் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே ஆசை விழுந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பெரிய பையன்கள் விளையாடும் சண்டை விளையாட்டு அது. அவன் பாதி மறந்திருந்தான். மறந்ததை நாங்கள் மூணு பேரும் சேர்ந்து இட்டுக்கட்டினோம். ஆபீஸுக்குப் பின்னால் பழைய லேபிள் ரூம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் நீள மேசை. மேசை மேல் சலித்த கரிசல் மண்ணைப் பரப்பி மேடு, பள்ளம், ஓடை என்று போர்க்களம் செய்தோம். தூரம் அளக்க மருந்து முக்காத வெறுங்குச்சி. சிப்பாய் ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு குச்சி தூரம் நடக்கலாம், குதிரை நாலு குச்சி ஓடலாம். அடிதடி என்றால் புளியங்கொட்டை. ஒரு பக்கம் சிமெண்டில் உரசி வெள்ளையாக்கி வைத்திருப்போம். உருட்டினால் எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை பேர் காலி. லேபிள் ரூம் முழுக்க பழைய பசையும் மெழுகும் கந்தகமும் கலந்த வாடை. இன்றைக்கும் ஒரு குச்சியைக் கிழித்தால் எனக்கு விளக்கு ஞாபகம் வராது, யுத்தம்தான் ஞாபகம் வரும்.

ஆளுக்கு நூறு பாயிண்ட். அதற்குள் படையைக் கட்டிக்கொள்ள வேண்டும். யானை இருபது பாயிண்ட், குதிரை ஆறு, இரும்புச் சட்டைக்காரன் நாலு. மொத்தம் மூணு படை. கோட்டைப் படையை சின்ன மொதலாளி எடுத்துக்கொண்டான். யானை அதில்தான் உண்டு. குதிரைப் படையை அத்தை மகன் பிடுங்கிக்கொண்டான். மிச்சம் கிடந்தது பனங்காட்டுப் படை. அதற்கு யானை கிடையாது, குதிரை கிடையாது, சட்டைகூடக் கிடையாது. கம்பு பிடித்த வெறும் ஆள், ஒரு பாயிண்ட். ஆடு, ஒரு பாயிண்டுக்கு ரெண்டு. முள்வேலி, சாணுக்கு ரெண்டு பாயிண்ட். தலைவன் என்று ஒரு ராஜாகூட இல்லை, ஊர்க் காவல் பார்க்கிற தலையாரிதான்.

“அதை இவ எடுத்துக்கட்டும். பொம்பளப் பிள்ளைதானே” என்றான் சின்ன மொதலாளி.

“ஏட்டி, உன் படை கிளம்புனா சண்டைக்குப் போற மாதிரியா இருக்கும்? சந்தைக்குப் போற மாதிரில்லா இருக்கும்!” என்றான் அத்தை மகன்.

“உன் ராஜா செத்தா உன் படையே ஓடிரும்னு சட்டம் இருக்கு. என் தலையாரி செத்தா எவன் ஓடுவான்? அடுத்த தெருவுல இன்னொரு தலையாரி இருப்பான். பாப்போம்லே.”

வாய்தான் அப்படிப் பேசியதே ஒழிய, முதல் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் நாறிப்போனேன். எல்லாரையும் ஒரே கும்பலாக நிறுத்தினேன். யானை வந்து நெல் மிதிக்கிற மாதிரி மிதித்துவிட்டுப் போனது.

ஈய பொம்மைக்கு நான் எங்கே போக? என் படை மண்தான். கண்மாய்க்குள் இறங்கி, மேலே வெடித்துக் கிடக்கும் பொருக்கைத் தள்ளிவிட்டுத் தோண்டினால் உள்ளே ஈர மண் வெண்ணெய் மாதிரி வரும். ஆனால் கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும். காய்ந்தால் வெடிக்கும். நான் செய்த முதல் படை சண்டைக்கு முந்தியே கை வேறு கால் வேறாகக் கிடந்தது. அப்புறம் பருத்திப் பஞ்சைப் பிய்த்து, அடுப்புச் சாம்பலோடு மண்ணில் போட்டுப் பிசைந்தேன். நிழலிலேயே காயவைத்தேன். வெடிக்கவில்லை. அம்மா, “பெட்டி ஒட்டுறதுக்குக் கூப்பிட்டா இடுப்பு வலிக்கும், மண்ணைக் கிண்டுறதுக்கு மட்டும் வலிக்காது. நீ பிள்ளையா, பன்னிக்குட்டியாட்டி?” என்பாள். திட்டிக்கொண்டேதான் தலையணைப் பஞ்சையும் கொஞ்சம் எடுத்துத் தந்தாள்.

ஆளுக்குக் கம்பு வெறுங்குச்சி. ஆட்டுக்குக் கொம்பும் ஒடித்த குச்சிதான். வேலிக்கு உடைமரத்து முள். தலையாரியை மட்டும் அப்பா செய்து தந்தார். உடைந்த சட்டத்தின் கட்டையில் பேனாக்கத்தியால் செதுக்கினார். தலைப்பாகை, கையில் தடி, கொஞ்சம் கூன். கடைசியில் கோணி ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ரெண்டு கண் வைத்தார். மரம் பொசுங்கி வட்டமாகக் கறுத்தது. அந்தக் கண்ணை யாராலும் அப்படி வைக்க முடியாது. இடது கண் எப்போதும் வலது கண்ணைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். அதனால் தலையாரி எந்நேரமும் ‘அப்படியா?’ என்று கேட்கிற மாதிரியே பார்ப்பான்.

எனக்குப் புத்தி வந்தது ஒரு பஸ்ஸில். அம்மாவோடு கயத்தாறு போய்க்கொண்டிருந்தோம். புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரக் கீதாரி ஒருத்தர் மந்தையை வேறு காட்டுக்குக் கிடை மாற்றிக்கொண்டு போகிறார். ரோடு நிறைய ஆடு. டிரைவர் ஆரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோய், தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: “யோவ், ரோட்டையே விலைக்கு வாங்கிட்டியோ?” கீதாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நான் வாங்கலய்யா, ஆடு வாங்கிருச்சு” என்றார். அத்தனை பெரிய பஸ், ஆடு நகர்கிற வேகத்தில் நகர்ந்தது.

எங்கள் விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. யானைக்குக் கிட்டே எது நிற்கிறதோ அதைத்தான் அது முதலில் மிதிக்க வேண்டும், தாண்டிப் போகக் கூடாது. அப்படியென்றால் கிட்டே நிற்க எனக்குத் தேவை ஆள் இல்லை, ஆடு. அரைப் பாயிண்ட் ஆட்டை மிதிக்க இருபது பாயிண்ட் யானை மெனக்கெடட்டும்!

அந்தப் பஸ்ஸிலேயே படையை மனசுக்குள் கட்டிவிட்டேன். ஒரே கும்பல் கூடாது, நாலைந்து சின்னக் கும்பல். ஒரு கும்பல் செத்தால் இன்னொன்று. பாயிண்டைத் தலையாரி மேல் கொட்டக் கூடாது, அவன் சும்மா நின்றால் போதும். முன்னால் ஆடு. ஆட்டுக்குப் பின்னால் முள்வேலி, மாட்டுத் தொழு மாதிரி மூணு பக்கமும் வளைத்து. யானை ஆட்டை மிதித்துக்கொண்டே தொழுவுக்குள் வந்துவிடும். வேலியில் ஏறினால் ஒரு முழு ஆட்டம் அசையாமல் நிற்க வேண்டும், அதுவும் சட்டம். அப்போது ஓடைப் பள்ளத்தில் பதுங்கின ஆள் எல்லாம் எழுந்து மொய்க்க வேண்டியதுதான்.

முதலில் அத்தை மகன் குதிரைகள் மாட்டின. “இது சண்டையில்ல, ஆடு திருடனைப் பிடிக்கிற மாதிரி இருக்கு” என்று புலம்பினான். அடுத்த ஞாயிறு சின்ன மொதலாளியின் அம்பாரி யானை மாட்டியது. அதற்கடுத்த ஞாயிறும். அவன் முகம் ரத்தமாகச் சிவந்து, மேசையை ஒரு எத்து எத்திவிட்டுப் போய்விட்டான்.

இதையெல்லாம் வீட்டில் யார் காதுகொடுத்துக் கேட்பார்கள்? அப்பாதான் கேட்டார். ஆபீஸ் விட்டு வந்து, காலைக் கழுவி, வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுப்பார். “ஏட்டி, இங்கன வா. இன்னைக்கு யாருக்கும் யாருக்கும் சண்டை?” என்பார். நான் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொல்வேன். “பொறவு? யானை எங்கன நின்னுச்சு?” என்பார். நடு நடுவே சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து அம்மாகூடப் பார்த்ததில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருத்தர் அத்தனை கவனமாகக் கேட்டது அந்தக் கோடையில்தான்.

லீவு முடியப் போகிற சமயம், சின்ன மொதலாளி ஒரு பந்தயம் வைத்தான். “கடைசி ஞாயித்துக்கிழமை ஒரே சண்டை. நீயும் நானும். தோத்தவங்க படையை மொத்தமா ஜெயிச்சவங்ககிட்ட குடுத்துரணும். ஒரே ஒரு காய் மட்டும் வச்சுக்கிடலாம்.”

அத்தை மகன் என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். “வேண்டாம்ட்டி. அவனுக்குப் போனா தகரப் பெட்டி. உனக்குப் போனா ஒரு கோடை.”

நான் அம்பாரி யானையைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். தொழுவை இந்தத் தடவை எங்கே வளைக்கப் போகிறேன், ஆள் எந்தப் பள்ளத்தில், எல்லாம். கட்டில் கயிற்றின் மேல் விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். அப்பா எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

“அப்ப உன் முள்ளை எவனாலயும் தாண்ட முடியாதோ?”

“பந்தக்காரன் வந்தா முடியும்.”

“அது யாரு?”

“தீப்பந்தம் பிடிச்சவன். எந்தப் படையும் எடுத்துக்கிடலாம். வேலியைக் கொளுத்திப்போட்டு வழி உண்டாக்குவான். ஆனா அவன் சண்டை போட மாட்டான், அஞ்சு பாயிண்ட் வேற. தெண்டம். எவன் எடுப்பான்?”

“ஓ” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள், கண்மாயில் இருந்து வந்துகொண்டிருக்கிறேன். வாசலிலேயே அந்த வாடை. மரம் பொசுங்குகிற வாடை. அடுப்படியில் அப்பா குந்தியிருக்கிறார், கோணி ஊசியின் முனை சிவப்பாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் மடியில் இருந்ததைத் துண்டால் மூடினார்.

“என்னப்பா அது?”

“ஒண்ணுமில்லட்டி. போ, போய் கையைக் கழுவு.”

எனக்கு அப்படியே ஜிவ்வென்று இருந்தது. எனக்குத்தான் செய்கிறார்! சண்டை அன்றைக்குத் திடீரென்று தருவதற்காக மறைக்கிறார்! என் பட்டாளம் படுக்கிற பெட்டி ஒரு பழைய செருப்பு அட்டைப்பெட்டி. அதில் ஆட்டையெல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கி, தலையாரிக்குப் பக்கத்தில் புதுப் பஞ்சை விரித்து இடம் போட்டு வைத்தேன். வருகிறவர்களுக்கு வலிக்கக் கூடாது என்று பஞ்சை ரெண்டு மடிப்பாகப் போட்டேன். ஒன்றும் தெரியாத மாதிரி அப்பா முகத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டு அலைந்தேன். சனிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்துவிட்டு அவர் ஆபீஸுக்குக் கிளம்பினார். அங்கே வந்து எல்லார் முன்னாலும் தரப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படையை நிறுத்தும்போது எதிராளி பார்க்கக் கூடாது என்பதற்காக மேசை நடுவில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டுவோம். என் பக்கம் ஆடு, தொழு, பள்ளம், எல்லாம் நிறுத்தினேன். அன்று முதலாளியும் வந்துவிட்டார். மகன் சண்டையைப் பார்க்க வேண்டுமாம். அவருக்கு ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு. நான் அப்பா கையைப் பார்த்தேன். பொட்டலம் எதுவும் இல்லை.

அத்தை மகன் வேட்டியை உருவினான்.

எதிரே ஒரே ஒரு யானை. அதற்கு முன்னால், முழு நீளத்துக்கும், பந்தக்காரர்கள். மரத்தில் செதுக்கின பந்தக்காரர்கள். ஒவ்வொருத்தன் கையிலும் மருந்து முக்கின அசல் குச்சி, தலை சிவக்க.

“எப்போலே இவங்களைச் செஞ்ச?” என்றான் அத்தை மகன், வாயைப் பிளந்துகொண்டு.

சின்ன மொதலாளி யானையை நேராக நிறுத்திக்கொண்டிருந்தான். எனக்குப் பதில் தேவைப்படவில்லை. நான் குனிந்து கிட்டே நின்ற பந்தக்காரனைப் பார்த்தேன். பொசுங்கின வட்டக் கண். இடது கண் கொஞ்சம் மேலே. அடுத்தவனும் அப்படித்தான். வரிசை முழுக்க என்னைப் பார்த்து ‘அப்படியா?’ என்று கேட்டுக்கொண்டு நின்றது. என் பக்கத்தில் என் தலையாரியும் அதே கண்ணோடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

சண்டையை என்னத்தைச் சொல்ல? வேலி எரிந்தது என்று சட்டம் சொன்னால் வேலியை எடுத்துவிட வேண்டும். என் உடைமுள்ளை நானே ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன், விரல் எல்லாம் குத்தியது. யானை ஆட்டை மிதித்துவிட்டு வெட்டவெளியில் நடந்து வந்தது. நான் எந்தப் பள்ளத்தில் ஆளை வைத்திருந்தேனோ, நேரே அந்தப் பள்ளத்துக்கு வந்தது. யாரோ விரலால் கோடு இழுத்துக் காட்டின மாதிரி.

“பய நல்லாத் திட்டம் போட்டிருக்காம்லா, மேஸ்திரி?” என்றார் முதலாளி, தொடையைத் தட்டிக்கொண்டு.

“சின்ன மொதலாளி மூளை சும்மாவா அண்ணாச்சி!” என்றார் அப்பா. அவர் குரல் வீட்டுக் குரலாக இல்லை.

முடிந்தது. “ஒரு காய் எடுத்துக்கோ” என்றான் சின்ன மொதலாளி. அவனுக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மேசையைப் பார்த்துத்தான் சொன்னான்.

எல்லாருக்கும் தெரியும் நான் எதை எடுப்பேன் என்று. அத்தை மகன் தலையாரியை எடுத்து என் பக்கம் நகர்த்தியே வைத்துவிட்டான். அப்பாவும் அப்போதுதான் ஜன்னலை விட்டு மேசையைப் பார்த்தார்.

நான் தலையாரியைத் தள்ளி வைத்தேன். செத்த காய்களைப் போட்டிருந்த தட்டில் கையை விட்டு, ஒரு ஆட்டை எடுத்தேன். என் கையால் பிசைந்த ஆடு. யானைக்கு அடியில் சிக்கி ஒரு கால் போயிருந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா கை தோள் துண்டை உருவி, உதறி, மறுபடி போட்டுக்கொண்டதை ஓரக் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் பின்னாலேயே வந்தார். கடையில் கடலைமிட்டாய் வாங்கி நீட்டினார். நான் வாங்கவில்லை.

“வெளாட்டுத்தானட்டி” என்றார்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் திட்டத்தைக் கேட்டபோது அவருக்கு அது விளையாட்டாக இருந்ததா என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் கட்டிலைப் போட்டுக் கூப்பிட்டார். பெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்லி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு எதையும் அவரிடம் நான் முன்கூட்டிச் சொன்னதில்லை. எந்தப் படிப்பு, எந்த வேலை, எந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்பது, எல்லாம் முடிவு செய்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

ஏன் செய்தார் என்பதை ரொம்ப வருசம் கழித்து அம்மா சொன்னாள். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் புதிதாக ஒரு ஆபீஸ் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அதைப் பார்த்துக்கொள்கிற பெரிய வேலை தனக்குத்தான் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒருநாள் முதலாளி போகிற போக்கில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: “என்னய்யா மேஸ்திரி, உம்ம மக நம்ம பயலை அழ விட்டுட்டாளாமே!” அவ்வளவுதான். காரில் ஏறிப் போய்விட்டார். அதை அப்பா ஒரு உத்தரவாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முதலாளி தும்மினால் கூரை பிய்ந்துவிட்டதோ என்று ஓடுகிற ஆள்கள் அவர்கள் எல்லாம். முதலாளிக்கு அப்படிச் சொன்னதே ஞாபகம் இருந்திருக்காது. வேலை முதலாளியின் மச்சினனுக்குப் போனது.

“உங்க அப்பாவுக்கு அவிய சிரிச்சாலும் பயம், சிரிக்காட்டாலும் பயம்” என்றாள் அம்மா. “உன் பக்கம் எந்த பயமும் இல்லாம இருந்துச்சு. அதான் உன்னைத் தூக்கிக் குடுத்துட்டாரு.”

சின்ன மொதலாளி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். அடுத்த வருசம் வரும்போது சைக்கிளோடு வந்தான், விளையாட்டை மறந்தேவிட்டான். என் படையை அவன் எடுத்துக்கூடப் போகவில்லை. அந்தக் கோடை முடிந்து வந்த ஐப்பசி மழையில் ஒருநாள் லேபிள் ரூம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கூரை ஒழுகி மேசை முழுக்கச் சேறு. ஆளும் ஆடும் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. கம்புகள் மட்டும் மிதந்தன. நடுவில் தலையாரி மல்லாந்து கிடந்தான், ஒரு கண் மேலே. கையை விட்டிருந்தால் எட்டியிருக்கும். நான் விடவில்லை.

அப்பாவின் கடைசி நாள்கள் என் வீட்டில்தான். எழுந்து நடக்க முடியாது. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே கேட்டார்.

“ஏட்டி… அந்த ஆடு இருக்கா?”

இத்தனை வருசத்தில் அவர் அதைப் பற்றி வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். ஆடு அப்போது அவர் தலைமாட்டுக்கு நேரே, என் பீரோவுக்குள் பஞ்சில் கிடந்தது. இன்றைக்கும் கிடக்கிறது, மூணு காலோடு.

“எந்த ஆடுப்பா?” என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, இல்லாத துண்டை எடுக்கக் கை தோளுக்குப் போனது. அது அங்கே இல்லாததால் கையைக் கீழே வைத்துவிட்டு, மேகம் கூடுகிறதா என்று பார்ப்பவர் மாதிரி கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.